கேள்வி–பதில்: 28 பேரைக் கேட்டால் 31 பதில் வருவது எப்படி?

கேள்வி: என் வகுப்பில் 28 பிள்ளைகள். ‘உனக்குப் பிடித்த விலங்கு எது?’ என்று எல்லோரையும் கேட்டு, கோடு போட்டு எண்ணச் சொன்னேன். ஒருவருக்கு 31 வருகிறது, இன்னொருவருக்கு 26. எங்கே பிசகுகிறது? (இரண்டாம் வகுப்பு ஆசிரியை)

பதில்: இரண்டும் வேறு வேறு தவறுகள். 31 வந்ததற்குப் பெரும்பாலும் கேள்விதான் காரணம். இப்படித் திறந்து கேட்டால் ‘நாயும் பூனையும்’ என்று சிலர் சொல்வார்கள்; குறிப்பவர் இரண்டுக்கும் கோடு போட்டுவிடுவார். ‘நாய், பூனை, முயல், யானை: இதில் மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் சொல்’ என்று கேட்கச் சொல்லுங்கள். ‘வேறு’ என்று ஐந்தாவது வரிசையும் வேண்டும். இல்லையென்றால் குதிரை பிடித்த பிள்ளை கணக்கிலேயே வராது. ஒரே ஆளை இருமுறை கேட்பதும் உண்டு. அதற்குப் பெயர்ப்பட்டியலைக் கையில் கொடுங்கள்: கேள், பெயருக்கு நேரே டிக் போடு, பிறகு கோடு போடு. கேட்கும் பிள்ளை தன்னையே மறந்துவிடும். அதன் பெயரும் பட்டியலில் இருக்கட்டும்.

26 வந்த தாளைப் பாருங்கள். நான்கு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே விழ வேண்டும். பல பிள்ளைகள் ஐந்தை நிமிர்த்திவிட்டு ஆறாவதைக் குறுக்கே போடுவார்கள். எண்ணும்போது அதையும் ஐந்து என்பார்கள். கட்டுக்கு ஒன்று குறையும். இரண்டு கட்டு அப்படிப் போனாலே 28 என்பது 26. பென்சிலைத் தொடுமுன் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பழக்கினால் இது வராது.

கேள்வி: யானை 4, முயல் 7. ஆனால் பிள்ளைகள் வரைந்த படத்தில் யானைதான் உயரமாக நிற்கிறது!

பதில்: யானையைப் பெரிதாகத்தானே வரைவார்கள்! 3 சென்டிமீட்டர் சதுரத் தாள்களை வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். அவரவர் விலங்கை அந்தச் சதுரத்துக்குள் வரையட்டும். தரையில் ஒரு நேர்க்கோடு போட்டு, எல்லா வரிசையும் அதிலிருந்தே, இடைவெளியின்றி அடுக்கப்பட வேண்டும். இந்தக் கட்டத்தை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். ‘இந்தச் சதுரம் நான்’ என்று பிள்ளை தொட்டுக் காட்டினால்தான் பின்னால் வரும் பட்டை வரைபடத்தில் (கட்டங்களை வண்ணம் தீட்டி அடுக்கும் படம்) பட்டையின் உயரம் ஆட்களின் எண்ணிக்கை என்று அதற்குப் பிடிபடும்.

பிறகு கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் ஆள் என்று வண்ணம் தீட்டலாம். இங்கே ஒரு பொறி: அடிக்கோட்டுக்கு நேரே 1 என்று எழுதிவிடுவார்கள். அடிக்கோடு 0, எண்கள் கட்டத்துக்கு நடுவில் அல்ல, கோட்டுக்கு நேரே. இது தவறினால் எல்லாப் பட்டையும் ஒன்று கூடுதலாக வாசிக்கப்படும். ஒரு கட்டத்துக்கு இரண்டு பேர் என்ற அளவெல்லாம் தாளில் இடம் போதாமல் போகும் நாளில் வரட்டும்.

கேள்வி: பட்டைகளின் உச்சிகளைக் கோட்டால் இணைக்கிறாள் மகள். தவறா?

பதில்: தவறுதான். நாய்க்கும் பூனைக்கும் நடுவே எந்த விலங்கும் இல்லை. அந்தக் கோடு எதைச் சொல்லும்? வணிகக் கணக்குகளைப் படமாக்கிக் காட்டிய வில்லியம் பிளேஃபேர் 1786இல் பட்டை வரைந்த கதையும் இதுதான். ஆண்டுதோறும் மாறும் வணிகத்தைக் கோட்டால் காட்டிவந்தவருக்கு ஸ்காட்லாந்துக்கு மட்டும் ஓராண்டுக் கணக்குதான் கிடைத்தது; அதனால் ஸ்காட்லாந்து வணிகம் செய்த நாடு ஒவ்வொன்றுக்கும் பட்டை போட்டார். ஒரே செடியின் உயரத்தை வாராவாரம் அளந்தால், அப்போது இணைக்கட்டும்.

கேள்வி: ‘எது அதிகம்?’ என்பதற்கு மேல் என்ன கேட்பது?

பதில்: ‘பூனையைவிட நாய் எத்தனை அதிகம்?’ என்று கேளுங்கள். நாய் 9, பூனை 5 என்றால் பாதிப்பேர் 9 என்றே சொல்வார்கள். பூனைப் பட்டையின் உச்சிக்கு நேரே ஓர் அளவுகோலைக் கிடையாக வைத்து, அதற்கு மேலே எட்டிப் பார்க்கும் நாய்க் கட்டங்களை மட்டும் எண்ணச் சொல்லுங்கள்: 4. ‘நாயைத் தேர்ந்தெடுக்காதவர் எத்தனை பேர்?’ என்பது இன்னும் நல்ல கேள்வி. மற்ற எல்லாப் பட்டையையும் கூட்ட வேண்டும்.

அடுத்து, படத்தால் பதில் சொல்ல முடியாத கேள்விகளையும் நடுவே கலந்து விடுங்கள். ‘பக்கத்து வகுப்பிலும் நாய்தான் முதலா?’ அவர்களைக் கேட்கவே இல்லையே! ‘நாய் ஏன் பிடிக்கிறது?’ என்றால் உடனே ‘அது வாலாட்டும்’ என்பார்கள். எந்தப் பட்டையில் அது எழுதியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதபோது அடுத்த கணக்கெடுப்புக்கான கேள்வியை அவர்களே எழுதட்டும்.