பழைய ரைஃபிள் வாங்கும் முன்: கேள்வி – பதில்

கேள்வி: வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவில் இருந்த .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போல்ட் ரைஃபிள் (தாழ்ப்பாள்போன்ற போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளி இயக்குவது) விலைக்கு வந்திருக்கிறது. குழலுக்குப் புதிதாகக் கருமை (துருவைத் தடுக்கும் கருநீலப் படலம்) ஏற்றி, கட்டைக்கு மெருகு போட்டு வைத்திருக்கிறார்கள். என்னிடம் உரிமம் இருக்கிறது. முன்பணம் கொடுக்கலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: அதற்கான தோட்டா இன்று எந்த உரிமம் பெற்ற கடையில் கிடைக்கும் என்பதை விற்பவர் காட்டும் வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இதே ரகத்தை நான் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி ஏமாந்தவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஜெர்மானிய மவுசர் 98 போல்ட் அமைப்பில் செய்யப்பட்ட அருமையான துப்பாக்கி அது. போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் எண்ணெயில் வழுக்குவதுபோல் போகும். அந்த அசைவில் மயங்கிப் பணத்தைக் கொடுத்தேன். கூடவே வந்த பழைய தோட்டாக்கள் தீர்ந்த பிறகுதான் அந்தப் பெயரே ஆளை ஏமாற்றும் என்று தெரிந்தது. பெயர் .318 என்றாலும் அதில் போகும் குண்டின் விட்டம் .330 அங்குலம்; உண்மையிலேயே .318 அங்குல விட்டம் கொண்டது, 1905-க்கு முந்தைய ஜெர்மானிய 8 மி.மீ. தோட்டாவின் குண்டு. அந்த ஜெர்மானிய ரகத்திலும், பின்னால் வந்த .323 அங்குலக் குண்டைப் பழைய குழலில் வைத்துச் சுட்டால் குழலுக்கும் ஆபத்து, சுடுபவர் முகத்துக்கும் ஆபத்து. தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.

அடுத்து, அந்தப் புதுக் கருமை. இதைப் பற்றி எனக்கு நெடுநாள் ஆதங்கம் உண்டு. பஃப் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கும்போது துருவோடு சேர்ந்து, லண்டன் அல்லது பர்மிங்காம் துப்பாக்கிச் சோதனைக்கூடம் குழலில் பதித்த முத்திரையும், தோட்டாவின் அளவைச் சொல்லும் எழுத்தும், உரிமப் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டிய வரிசை எண்ணும் தேய்ந்துபோகின்றன. நூறு வயதான துப்பாக்கியின் பிறப்புச் சான்றிதழ் அந்த எழுத்துகள்தான். அவற்றை அழித்துவிட்டு அதற்கே கூடுதல் விலை கேட்பது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். கருமை வெளுத்து, எழுத்து கூர்மையாக இருக்கும் துப்பாக்கியே என் கண்ணுக்கு உயர்ந்தது. குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். குண்டைச் சுழலவைக்கும் புரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். என் துப்பாக்கியை நானே கெடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பிறகு அது குழலில் விட்டுச்செல்லும் உப்பு, சமையல் உப்பைப்போல் காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது. கொதிநீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, அதன் பிறகே எண்ணெய் இட வேண்டும். நான் எண்ணெய் மட்டும் தடவித் தோல் உறைக்குள் வைத்தேன். தென்மேற்குப் பருவமழை முடிந்து எடுத்தபோது குழலின் உள்ளே அம்மைத் தழும்புபோல் குழிகள்.

கேள்வி: என் கணவர் காலமாகி ஐந்து மாதம் ஆகிறது. அவருடைய .275 ரிக்பி ரைஃபிளை, "வீட்டில் வைத்திருந்தால் கேஸ் ஆகிவிடும், இது வெறும் பழைய இரும்பு" என்று பயமுறுத்தி, ஐயாயிரம் ரூபாய் கொடுத்து ஒருவர் எடுத்துப் போய்விட்டார். இரசீதும் இல்லை. (உடுமலை வாசகி)

பதில்: அம்மா, துக்க வீட்டில் புகுந்து உங்களைப் பயமுறுத்தியவர்தான் இதில் தவறு செய்தவர், உங்களை நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் நாளைக் கடத்த வேண்டாம். நடந்ததை அப்படியே எழுதி, உரிமப் புத்தகத்தின் நகலையும் துப்பாக்கியின் வரிசை எண்ணையும் இணைத்து, காவல் நிலையத்திலும் ஆட்சியர் அலுவலகத்தின் ஆயுத உரிமப் பிரிவிலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அந்தத் துப்பாக்கி இன்னும் உங்கள் கணவரின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. வேறு எங்காவது அது பிடிபடுவதற்கு முன் உங்கள் கடிதம் அங்கே இருக்க வேண்டும். போகும்போது ஒரு வழக்கறிஞரை உடன் அழைத்துச் செல்லுங்கள். உரிமதாரர் இறந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ தாமதமின்றி ஒப்படைக்க ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வழி செய்கிறது; 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி வாரிசு தம் பெயரில் உரிமம் கேட்கவும் இடம் உண்டு. தனியார் ஒருவர் விற்பதானால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் அந்த மனிதர் அறியாதவராக இருக்க முடியாது. .275 ரிக்பி என்பது 7×57 மவுசர் தோட்டாவுக்கு இங்கிலாந்தில் வைத்த பெயர். சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக 1907-இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகத் தரப்பட்ட துப்பாக்கியும் இந்த ரகமே. அதை இரும்பு விலைக்கு எடுத்தவர் அதன் மதிப்பைத் தெரிந்துதான் எடுத்திருக்கிறார்.

கேள்வி: .303 லீ-ஸ்பீட் வேட்டை ரைஃபிள் மலிவாக வருகிறது. என்னிடம் சாதாரண உரிமம் உள்ளது. (கோபி வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். .303 தடைசெய்யப்பட்ட அளவு. சாதாரண உரிமம் அதற்குச் செல்லாது.

கேள்வி: தாளவாடி மலையில் வேட்டைக்கதை எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் பயன்படுத்திய .405 போல்ட் ரைஃபிள் என்று ஒருவர் பெரிய விலை சொல்கிறார். நம்பலாமா? (சத்தியமங்கலம் வாசகர்)

பதில்: நம்ப வேண்டாம். ஆண்டர்சனுடைய .405, 1895-ஆம் ஆண்டு மாடல் வின்செஸ்டர். அது லீவரை இறக்கி ஏற்றி இயக்கும் துப்பாக்கி, போல்ட் துப்பாக்கி அன்று.

கேள்வி: தாத்தா காலத்து ரைஃபிளில் போல்ட் முழுதாக மூடவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் போல்ட்டின் முகத்தை லேத்தில் கொஞ்சம் கடைந்தால் சரியாகிவிடும் என்கிறார். (கோவை, கணபதி வாசகர்)

பதில்: கோவைப் பட்டறைகளின் கைத்திறனில் எனக்குக் குறைவில்லாத மதிப்பு உண்டு, ஆனால் இந்த வேலையை அங்கே கொடுக்கக் கூடாது. போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா போய் நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி மிக நுட்பமானது. அது கூடினால் சுடும்போது பித்தளைக் கூடு கிழிந்து, சூடான வாயு பின்பக்கமாகச் சுடுபவரின் கண்ணுக்கு வரும். மூடவில்லை என்றால் உள்ளே இருப்பது தவறான தோட்டாவாக இருக்கலாம், அழுக்கு அடைத்திருக்கலாம், வேறு துப்பாக்கியின் போல்ட்டாகவும் இருக்கலாம். போல்ட்டில் உள்ள வரிசை எண்ணையும் குழலில் உள்ள வரிசை எண்ணையும் முதலில் ஒத்துப்பாருங்கள். பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்பதால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடமே கொண்டுபோங்கள்.

கேள்வி: வீடியோவில் பார்த்து, மான்லிகர்-ஷோனவர் 6.5×54 ரைஃபிளுக்கு ஒன்றரை லட்சம் முன்பணம் அனுப்பிவிட்டேன். கைவசம் ஏற்கெனவே இரண்டு துப்பாக்கிகள் இருக்கின்றன. கடம்பூர்த் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை இருப்பதால் அங்கே சுடலாம் அல்லவா? (ஈரோடு வாசகர்)

பதில்: பணம் அனுப்பும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அனுப்பிய பின் கேட்கிறீர்கள். ஆயுதச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடியவை இரண்டு துப்பாக்கிகள்தான். மூன்றாவது உங்கள் புத்தகத்தில் ஏறாது. உரிமம் இருப்பதாலேயே காட்டுப்பன்றியைச் சுடும் அதிகாரம் யாருக்கும் வந்துவிடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் தோட்டத்துக்கும் பொருந்தும். தொல்லையை வனத்துறையிடம் எழுத்தில் முறையிடுங்கள். பெரிய ரைஃபிளைச் சுடத் தகுந்த இடம், அந்த அளவுத் தோட்டாவை அனுமதிக்கும் சுடுதளம் மட்டுமே. ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தவுடன் எல்லாவற்றையும் சுடலாம் என்று எண்ண வேண்டாம். துப்பாக்கியை நேரில் கையில் எடுத்துப் பாராமல் வீடியோவை நம்பியது எதனால் என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. முன்பணத்தை இன்றே எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த ரைஃபிள் சென்ற முறை துருவேறித் திரும்பியது. இம்முறை என்ன செய்யலாம்? (காங்கயம் வாசகர்)

பதில்: எனக்கும் ஒருமுறை அப்படித்தான் வந்தது. ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் குழலின் உள்ளும் வெளியும், போல்ட்டிலும் கெட்டியான துருத்தடுப்பு எண்ணெய் பூசி, தோல் உறையைத் தவிர்த்துப் பருத்தித் துணி உறையில் கொடுங்கள். இரசீதில் வரிசை எண்ணோடு துப்பாக்கியின் நிலையையும் எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கே புகைப்படமும் எடுத்து வையுங்கள். உரிமம் பெற்ற வியாபாரியிடம் ஒப்படைக்க உங்கள் நிலையத்தில் அனுமதித்தால் அதையே தேர்ந்தெடுங்கள். திரும்ப வாங்கும்போது அந்த மேசையிலேயே உறையைப் பிரித்து, குழலை நோக்கிய பிறகு கையெழுத்திடுங்கள்.