மகள் மலேரியா ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால்

வணக்கம் அம்மா. "டாக்டருக்குப் படி என்றால், மலேரியா கிருமியை ஆராயப் போகிறேன் என்கிறாள். அதற்குத்தான் மருந்து இருக்கிறதே, இனி என்ன ஆராய்ச்சி? அது சோறு போடுமா?" என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பெற்ற மனம் கேட்கத்தான் செய்யும்.

மருந்து இருந்தும் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் பேர் மலேரியாவில் சாகிறார்கள். பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், 5 வயதுகூட ஆகாத குழந்தைகள். அம்மை ஒருமுறை வந்து போனால் திரும்ப வருவது அபூர்வம். மலேரியா அப்படி விடாது. ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து, அதன் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டி வைக்கிறது. நம் உடம்பு அதை அடையாளம் கண்டு, கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைத் தயாரிப்பதற்குள் வேறொரு புரதத்துக்கு மாறிவிடுகிறது. இப்படிச் சட்டை மாற்றிக்கொள்ள அதனிடம் சுமார் 60 மரபணுக்கள் இருக்கின்றன. ஆனாலும் மலேரியா அதிகமுள்ள ஊர்களில் திரும்பத் திரும்பக் காய்ச்சலில் விழுந்து எழுந்து வளர்ந்தவர்களுக்கு, ரத்தத்தில் கிருமி இருந்தும் நோய் முற்றுவதில்லை. 1961இல் அப்படிப்பட்ட பெரியவர்களின் ஆன்டிபாடியைப் பிரித்தெடுத்து, காம்பியா நாட்டில் நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தினார்கள். கிருமியின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. இந்தப் பாதுகாப்பை ஒரு குழந்தைக்கு முன்கூட்டியே எப்படிக் கொடுப்பது? உங்கள் மகளைப் பிடித்து இழுப்பது இந்தக் கேள்வியாகத்தான் இருக்க வேண்டும். நல்ல கேள்வி அம்மா, இன்னும் முழுதாக விடை கிடைக்காதது.

அவளுக்கு ரூத் நுசென்ஸ்வைக் என்ற விஞ்ஞானியைப் பற்றிச் சொல்லுங்கள். 1928இல் வியன்னாவில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி, சிறுமியாகக் குடும்பத்தோடு பிரேசில் போய், அங்கே மருத்துவம் படித்தார். பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. கொசு கடிக்கும்போது உடம்புக்குள் இறங்கும் ஸ்போரோசோயிட் என்ற கிருமி வடிவத்தை எக்ஸ்ரே கதிரால் பலவீனமாக்கி எலிகளுக்குச் செலுத்தினால், அந்த எலிகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது என்று 1967இல் காட்டினார். பின்னர் கணவர் விக்டரோடும் சக ஆய்வாளர்களோடும் சேர்ந்து அந்தக் கிருமியைப் போர்த்தியிருக்கும் புரதத்தைக் கண்டறிந்தார். அந்தப் புரதத்தின் ஒரு பகுதியை வைத்து உருவானதுதான் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசி. உலக சுகாதார நிறுவனம் அதைக் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது 2021 அக்டோபரில். எலிச் சோதனைக்குப் பிறகு 54 ஆண்டுகள். ரூத் 2018இலேயே காலமாகிவிட்டார். இதைக் கேட்ட பிறகும் உங்கள் மகளின் கண்ணில் ஆர்வம் குறையவில்லை என்றால் தடுக்காதீர்கள்.

ஆய்வகத்தில் தினசரி வேலை எப்படியிருக்கும் என்பதையும் அவள் தெரிந்துகொள்ளட்டும். மைக்ராஸ்கோப்புக்குக் கீழே கொசுவின் தலையை ஊசி முனையால் மெல்ல இழுத்து, கூடவே வரும் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிரிக்க வேண்டும். ஒரு சோதனைக்கே இப்படி எத்தனையோ கொசுக்கள். சாயமேற்றிய ரத்தப் பூச்சில் கிருமிகளை மணிக்கணக்காக எண்ண வேண்டும். பொறுமையில்லாத பிள்ளைக்கு இது சரிப்படாது.

அப்புறம், சோறு. பட்டம், முதுகலை, முனைவர் பட்டம் என்று பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வாடகைப்படி தனி. பணம் சில சமயம் தாமதமாக வரும் என்பதையும் மறைக்க மாட்டேன். டெல்லியில் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, புதுச்சேரியில் கொசு போன்ற நோய்பரப்பிகளுக்கென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) மையம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு உருவாக்கிய இரண்டாவது மலேரியா தடுப்பூசியான ஆர்21ஐத் தயாரிப்பது புனேயின் சீரம் நிறுவனம். ஆகவே கல்லூரி வேலை மட்டும்தான் கதி என்று நினைக்க வேண்டாம்.

நீட் எழுதட்டும், தப்பில்லை. ரூத்தும் மருத்துவம் படித்தவர்தான், எம்பிபிஎஸ் முடித்தும் இந்தத் துறைக்கு வரலாம். சீட் கிடைக்கவில்லை என்றால், அவள் விரும்பாத படிப்புக்காக இன்னொரு வருஷம் ரிப்பீட் போடுவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். அறிவியல் படிப்புக்கென்றே மத்திய அரசு நடத்தும் ஐசர் நிறுவனங்களில் சேர்வதற்கான ஐஏடி நுழைவுத் தேர்வுக்கும் இப்போதே தயாராகட்டும். திருப்பதி ஐசர் நமக்குப் பக்கம்தான். அந்தத் தேர்வில் கணக்கிலிருந்தும் கேள்வி வரும், கணக்கு இல்லாத குரூப் எடுத்த பிள்ளைகள் இதைக் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள். அவள் எந்த குரூப் என்று நீங்கள் எழுதவில்லை. அதைத் தெரிவியுங்கள், பாடத்திட்டத்தை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று பேசிக்கொள்ளலாம்.