என்பியா, பிஏவா? மகள் கல்லூரியில் எதை எடுத்தால் நல்லது?

கேள்வி: டல்லாஸில் இருக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பு. நர்ஸ் பிராக்டிஷனர் (என்பி) அல்லது பிசிஷியன் அசிஸ்டன்ட் (பிஏ) ஆக வேண்டும் என்கிறாள். இரண்டுக்கும் வழி விடும் படிப்பு எது?

டாக்டருக்குப் படிக்காமல் ஏன் இது என்று வீட்டில் ஒரு சுற்றுப் பேச்சு நடந்து முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் நடந்தது. நான் ஒன்பது வருடமாக டெக்சஸில் என்பியாக இருக்கிறேன்.

இரண்டும் டாக்டர் ஆகாமலே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் வேலைகள், இரண்டும் 1965இல் பிறந்தவை. கொலராடோவில் நர்ஸ் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் நர்ஸ்களுக்கு மேற்பயிற்சி கொடுத்தார்கள், அது என்பி. ட்யூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்களை எடுத்து, டாக்டர் படிப்பைச் சுருக்கிச் சொல்லிக்கொடுத்தார், அது பிஏ. இன்றும் அப்படித்தான். என்பிக்கு முதலில் நர்ஸாக வேண்டும். பிஏவுக்கு எந்த டிகிரியும் போதும், ஆனால் வேதியியல், உடலியல், நுண்ணுயிரியல் எல்லாம் நல்ல மதிப்பெண்ணோடு இருக்க வேண்டும், நோயாளிகளோடு வேலை பார்த்த அனுபவமும் வேண்டும். அப்புறம் சுமார் 27 மாதம் முழுநேரப் படிப்பு, கூடவே வேலைக்குப் போவது நடக்காது.

அதனால் நான் பிஎஸ்என், அதாவது நான்கு வருட நர்சிங் டிகிரி என்றுதான் சொல்வேன். பயாலஜி எடுத்து பிஏ சீட் கிடைக்காவிட்டால் கையில் வேலை இருக்காது. பிஎஸ்என் முடித்தால் குறைந்தது நர்ஸ் வேலை உண்டு. நர்சிங் மாணவர்களுக்கு வைக்கும் எளிய வேதியியலைப் பல பிஏ கல்லூரிகள் ஏற்பதில்லை, அதனால் அறிவியல் மாணவர்களுக்கான வேதியியலையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். பிஏக்களை நான் மட்டம் தட்டுவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் கிளினிக்கில் பக்கத்து அறையில் இருப்பவர் பிஏதான், அவர் போடும் தையலை டாக்டரே நின்று பார்ப்பார்.

நான் வந்த பாதை சுற்றுப்பாதை. திருச்சியில் மைக்ரோபயாலஜி முடித்து, கல்யாணமாகி இங்கே வந்து, கிரீன் கார்டு கிடைத்த பிறகு கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட நர்சிங். வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் பிஎஸ்என், பிறகு என்பிக்கான மாஸ்டர்ஸ். அந்த மாஸ்டர்ஸில் சேரும்போது ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டேன்: கிளினிக்கல் பயிற்சிக்கு இடம் யார் பிடித்துத் தருவார்கள்? நானே தேட வேண்டுமாம். ஃபீஸ் முழுதாக வாங்கிக்கொண்டு இப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஏழரைக்கு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் காரிலேயே உட்கார்ந்து போன் போடுவேன். ஒரு கோடு போட்ட நோட்டில் கிளினிக் பெயர், பேசியவர் பெயர், என்ன சொன்னார் என்று எழுதுவேன். 43 கிளினிக். ஒரு இடத்தில் மணிக்கு இவ்வளவு டாலர் என்று பேரம் பேசினார்கள். கடைசியில் 80 மைல் தள்ளி ஒரு சின்ன ஊரில், அறுபதைத் தாண்டிய ஒரு என்பி அம்மா, "வியாழன், வெள்ளி வா" என்றார். சர்க்கரை நோயாளி யார் வந்தாலும் ரிப்போர்ட்டைத் திறக்குமுன் காலணியையும் சாக்ஸையும் கழற்றச் சொல்வார். முதல் வாரமே ஒரு பெரியவரின் விரலிடுக்கில், அவருக்கே தெரியாத புண் ஒன்று இருந்தது. அதைக் கழுவிக் கட்டுப்போட்டது நான்தான்.

இங்கே தமிழ் விழாக்களில் "நர்ஸ்தானே" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களே ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் "பையனுக்கு இருமல், அமாக்சிசிலின் எழுதி விடுங்கள்" என்கிறார்கள். பார்க்காத குழந்தைக்கு எப்படி எழுதுவது? வைரஸ் இருமலுக்கு அது கேட்கவும் செய்யாது. மறுத்தால் கோபம். இதை எங்கே போய்ச் சொல்வது?

சரி, உங்கள் மகளுக்கு வருகிறேன். டெக்சஸில் என்பி மருந்து எழுத ஒரு டாக்டரோடு ஒப்பந்தம் வேண்டும், பக்கத்து நியூ மெக்சிகோவில் வேண்டாம். எங்கே வேலை பார்க்கப் போகிறாள் என்பதையும் யோசியுங்கள். அதற்கு முன், கோடை விடுமுறையில் சில வார சிஎன்ஏ (நர்சிங் உதவியாளர்) பயிற்சியில் சேர்த்துவிடுங்கள். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஒருவரைத் திருப்பிப் படுக்க வைத்து, பெட்பான் எடுத்து, துடைத்துவிட்ட பிறகும் மறுநாள் போகக் கிளம்பினால் பிஎஸ்என்னில் தயங்காமல் சேருங்கள். கல்லூரி நாட்களிலும் அந்த வேலையை விடாமல் பார்த்தால், அந்த மணி நேரங்களைப் பல பிஏ கல்லூரிகளும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.