பெருவிரல் சொல்லும் கணக்கு

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி: "அம்மாவுக்கு 64 வயது. பித்தப்பைக் கல்லுக்கு அடுத்த மாதம் திருகோணமலையில் ஒப்பரேஷன். முன்பு வேறோர் ஊரில் ஒப்பரேஷன் செய்த பெரியம்மா, 'நினைவு வந்திட்டுது, கண்ணைத் திறக்க ஏலாமல் கிடந்தன்' என்று சொல்லிப் பயமுறுத்துகிறா. இதைக் கவனிக்க வழி இருக்கிறதா?"

இருக்கிறது. தூங்க வைக்கும் மருந்து வேறு, தசையைத் தளர்த்தும் மருந்து வேறு. தொண்டைக்குள் குழாய் விடவும், வயிறு இறுகாமல் இருக்கவும் இரண்டாவது தேவை. பெரியம்மாவுக்குத் தூக்கம் கலைந்த பிறகும் தளர்வு மிஞ்சியிருந்திருக்கலாம்.

அதை அளக்க, மணிக்கட்டில் சின்னவிரல் பக்கமாக இரண்டு பட்டைகளை ஒட்டுவார்கள், ஈசிஜிக்கு ஒட்டுவதைப் போல. அரைச் செக்கனுக்கு ஒன்றாக நான்கு மின்துடிப்புகள் போகும். மருந்து நன்றாகப் பிடித்திருந்தால் பெருவிரல் அசையாது. தெளியத் தெளிய பெருவிரலில் ஒரு துடிப்பு, அப்புறம் இரண்டு, மூன்று. நாலாவது வந்தாலும் சோர்ந்துதான் வரும். முதலாவதன் பலத்தில் 90 சதவீதமாவது நாலாவதுக்கு வந்த பிறகே குழாயை எடுக்க வேண்டும்.

இங்கேதான் கண் ஏமாற்றும். 40 சதவீதத்தைத் தாண்டினாலே நாலும் ஒன்றுபோலத் தெரியும். "ஐந்து செக்கன் தலையைத் தூக்குங்கோ" என்ற பழைய சோதனையையும் நான் தனியாக நம்பமாட்டேன். தலை தூக்குபவருக்கும் விழுங்கும் தசை சோர்ந்திருக்கலாம், எச்சில் சுவாசப்பைக்குள் போகலாம். இலக்கமாகக் காட்டும் கருவியே நல்லது. அது இருக்கிறதா என்று மயக்க மருந்து டொக்டரிடம் கேளுங்கள், கோபிக்க மாட்டார்.

மிஞ்சிய தளர்வை முறிக்க நியோஸ்டிக்மின் என்ற மருந்து உண்டு. ஆனால் பெருவிரலில் ஒரு துடிப்பும் வராத நேரத்தில் அதைக் கொடுத்துப் பயனில்லை. சுகமடெக்ஸ் என்ற இன்னொரு மருந்து ஆழ்ந்த தளர்வையும் முறிக்கும். ஆனால் ரொக்குரோனியம், வெக்குரோனியம் என்ற இரண்டு தளர்த்தும் மருந்துகளுக்கு மட்டும்.

கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள். சிறுநீரக நோய், மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பெரியம்மா உங்கள் அம்மாவின் கூடப்பிறந்த அக்காவா, அல்லது பெரியப்பாவைக் கட்டியவரா? கூடப்பிறந்தவர் என்றால் அவர் கதை முக்கியம். சக்சமெதோனியம் என்ற தளர்த்தும் மருந்தைக் கரைக்கும் நொதி சில குடும்பங்களில் பரம்பரையாகக் குறைவு. சில நிமிடங்களில் தெளிய வேண்டியவர்கள் மணிக்கணக்கில் அசைவில்லாமல் கிடப்பார்கள். அவருடைய பழைய டயக்னோசிஸ் கார்ட் வீட்டில் இருந்தால் அதையும் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள்.