கடலில் ஆறு நாள், பில்லில் ஏழு நாள்

மத்தியதரைக் கடலில் படகு எடுத்துப் போய் வந்தவர்களும் போகப் போகிறவர்களும் எழுதிய கடிதங்கள் இந்த வாரம். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: குரோஷியாவின் ஸ்பிளிட்டில் ஏழு நாளுக்குப் பாய்மரப் படகு எடுத்தோம். சனிக்கிழமை மாலை 5 மணிக்குத்தான் படகைத் தந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலையே திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் காசைத் திருப்பிக் கேட்கலாமா?
– வாசகர், சூரிச்

பதில்: கேட்கலாம், கிடைக்காது. ஸ்பிளிட் இருக்கும் டால்மேஷியக் கடற்கரையில் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. சனி மாலை ஏறி, வெள்ளி மாலை மரினா என்ற படகுத் துறைக்குத் திரும்பி, டீசல் நிரப்பி, அந்த இரவைப் படகிலேயே கழித்துவிட்டு, சனி காலை 9 மணிக்குள் இறங்கிவிட வேண்டும். உங்கள் ஒப்பந்தத்திலும் இது இருக்கும், பாருங்கள். ஆனாலும் உங்கள் கோபம் நியாயமானது. ஏழு இரவுப் படுக்கையை ‘ஏழு நாள் பயணம்’ என்று விளம்பரம் செய்வது சரியில்லை. அடுத்த முறை ஆறு நாளுக்கே திட்டம் போடுங்கள். விஸ் தீவைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். அங்கிருந்து ஸ்பிளிட் திரும்பப் பாய்மரத்தில் ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

கேள்வி: ஏதென்ஸ் அருகே படகைத் திருப்பிக் கொடுத்தபோது, பின்பக்க மூலையில் கீறல் என்று சொல்லி 2,500 யூரோ டெபாசிட்டில் 1,100 யூரோவைப் பிடித்துக்கொண்டார்கள். அது முன்பே இருந்தது என்று என் கணவர் அடித்துச் சொல்கிறார். போட்டோ எடுக்கவில்லை.
– வாசகி, லண்டன்

பதில்: உங்கள் கணவர் சொல்வதை நம்புகிறேன். எனக்கும் இது நடந்திருக்கிறது. லெஃப்கடா தீவில் படகு எடுத்தோம். பிள்ளைகளுக்குப் பசி, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நிறுவனத்துப் பையன் நான்கு பக்கப் பட்டியலைக் கடகடவென்று படித்தான், நான் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்ததும், கரைக்குப் போய்வரும் சின்ன டிங்கியின் மோட்டாரில் விசிறி உடைந்திருக்கிறது என்று 380 யூரோ கேட்டார்கள். அந்த மோட்டாரை ஒரே ஒரு தடவைதான் ஓட்டினோம். மூன்று மணி நேரத்தில் விமானம் இருந்ததால் வாதாட முடியாமல் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் ஆறவில்லை.

இது ஏன் இப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரே சனிக்கிழமையில் காலையில் ஒரு குடும்பம் இறங்குகிறது, மாலையில் இன்னொன்று ஏறுகிறது. இடையில் கழுவுவது, பழுது பார்ப்பது எல்லாம் முடிய வேண்டும். போன வாரத்துக்காரர் இடித்ததை அவசரத்தில் யாரும் கவனிக்காவிட்டால், அது அடுத்துக் கையெழுத்துப் போடுகிறவர் தலையில் விழும். அதனால் யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் படகை முழுதாகப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு பக்கமும் வீடியோ எடுங்கள். பின்பக்க மூலைகளை நெருங்கி எடுங்கள், துறையில் பின்னோக்கிக் கட்டும்போது அங்கேதான் உரசும். டிங்கியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள், மோட்டார் விசிறியைப் பாருங்கள். பாயை முழுக்க விரித்துக் காட்டச் சொல்லுங்கள். நங்கூரத்தை இறக்கி ஏற்றிப் பாருங்கள். நீச்சல் தெரிந்தவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் குளியலிலேயே அடிக்கட்டையையும் சுக்கானையும் பார்த்துவிடட்டும். பார்த்ததையெல்லாம் பட்டியலில் எழுத வைத்து, அவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். வீடியோவை அன்று இரவே அவர்களுக்கு இமெயிலில் அனுப்பிவிடுங்கள், தேதிக்கு அதுவே சாட்சி. டெபாசிட்டுக்குக் காப்பீடு எடுத்திருந்தாலும் இதை விடாதீர்கள். டிங்கி, மோட்டார், பாய் ஆகியவற்றை விலக்கி வைக்கும் காப்பீடுகள் நிறைய உண்டு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பழுதின் படம், பழுது பார்த்த பில் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அடுத்த வாரம் அந்தப் படகு கீறலோடுதான் வாடகைக்குப் போனதா என்றும் கேளுங்கள். இங்கிலாந்து கிரெடிட் கார்டில் படகு நிறுவனத்துக்கே நேரடியாகக் கட்டியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவைச் சொல்லி கார்டு நிறுவனத்திடம் முறையிடலாம். வாங்கிய சேவையின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். டெபிட் கார்டு என்றால் வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பப் பெற்றுத் தரக் கேளுங்கள். விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் படகு புக் செய்துவிட்டு மனம் மாறிவிட்டது. ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. ஐரோப்பாவில் 14 நாளுக்குள் எதையும் ரத்து செய்யலாமே?
– வாசகர், பாரிஸ்

பதில்: எதையும் இல்லை. குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடத்தையும் பொழுதுபோக்குச் சேவையையும் அந்தச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறவர் பத்து நிமிடம் ஒதுக்கி ஒப்பந்தத்தைப் படித்திருக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்காக இன்ஸ்டாகிராமில் பார்த்த படகுக்கு 3,200 யூரோ வங்கி வழியாக அனுப்பினோம். நீஸ் துறைமுகத்துக்குப் போனால் அப்படி ஒரு படகே இல்லை. அம்மா முன்னால் நின்றது இன்னும் வலிக்கிறது.
– வாசகி, ஸ்டுட்கார்ட்

பதில்: உங்களிடம் திருடியிருக்கிறார்கள். வெட்கப்பட்டு வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். இன்றே வங்கியை அழைத்து, அனுப்பிய பணத்தைத் திரும்ப வாங்க முயலச் சொல்லுங்கள். போலீசில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். இன்னொன்று. யூரோ நாடுகளின் வங்கிகள், பணம் பெறுபவரின் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்று அனுப்புமுன் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்ற விதி 2025 அக்டோபர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பிறகு அனுப்பியிருந்தால், அந்தச் சோதனையில் என்ன வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். வங்கி அதைச் செய்யத் தவறியிருந்தால் பணத்தை வங்கியிடமே கேட்கலாம். அம்மாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

மற்றவர்கள் பணம் அனுப்புமுன் மரினா அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, அந்தப் பெயரில் படகு இருக்கிறதா, யார் நடத்துகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: துருக்கியில் ஃபெத்தியேயிலிருந்து ஒலிம்போஸுக்கு நான்கு நாள் குலெட் படகில் போனோம். பாயை விரிக்கவே இல்லை. டெம்ரேயில் இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். ஏமாற்றுதானே?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: இல்லை. குலெட் மரத்தாலான அழகான படகு, பாய்மரமும் உண்டு, ஆனால் சுற்றுலாவில் பெரும்பாலும் எஞ்சினில்தான் ஓடுகிறது. கடைசித் துண்டு பஸ் என்பதும் அந்தப் பயணத்தில் வழக்கம். சாப்பாடு விலையில் சேர்த்தி, குளிர்பானம் தனிக் கணக்கு. பாய் விரித்துப் போக ஆசை என்றால் முன்பே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: ஆகஸ்டில் மிக்கோனோஸ் பக்கம் ஐந்து நாள் படகு. இரண்டு நாள் காற்று என்று துறைமுகத்திலேயே கட்டிப்போட்டார் கேப்டன். பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், டொரொண்டோ

பதில்: கிடைக்காது. அந்த கேப்டனுக்கு நன்றி சொல்லுங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்டெமி காற்று நாள்கணக்கில் பலமாக வீசும், மிக்கோனோஸ் அடங்கிய சைக்ளேட்ஸ் தீவுகள் அதன் பாதையிலேயே இருக்கின்றன. முதல் முறை போகிறவர்கள் ஏதென்ஸ் பக்கத்துச் சரோனிக் வளைகுடாவுக்கோ அயோனியன் கடலுக்கோ போகலாம்.

கேள்வி: பிரான்சின் ஆன்டீபில் பணியாளர்களோடு யாட் எடுக்கிறோம். வாடகைக்கு மேல் 30 சதவீதம் ‘ஏபிஏ’ என்று கேட்கிறார்கள். அது என்ன?
– வாசகி, துபாய்

பதில்: பயணச் செலவுக்கான முன்பணம். எரிபொருள், உணவு, துறைமுகக் கட்டணம் எல்லாம் அதிலிருந்துதான் போகும். அது உங்கள் பணம். தினமும் ரசீதோடு கணக்குக் கேளுங்கள், மீந்ததைக் கடைசி நாளில் திருப்பி வாங்குங்கள். வாட் வரி வேறு, டிப்ஸ் வேறு.

கேள்வி: இந்திய பாஸ்போர்ட், ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா. கோஸ் தீவில் ஏறி, துருக்கியின் பொத்ரும் போய், மறுபடி கோஸ் வரும் பயணத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். ஏஜென்ட் பிரச்சினை இல்லை என்கிறார்.
– வாசகர், சென்னை

பதில்: பிரச்சினை இருக்கிறது. துருக்கி ஷெங்கனில் இல்லை. கிரேக்கத்தை விட்டுப் போனதும் உங்கள் விசா முடிந்துவிடும், கோஸுக்குள் திரும்ப முடியாது. கலிம்னோஸ், லெரோஸ், நிசிரோஸ் என்று கிரேக்கத் தீவுகளுக்குள்ளேயே பாதையை மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அவர் ‘பிரச்சினை இல்லை’ என்று சொன்னது வாட்ஸ்அப்பில் இருந்தால் அழித்துவிடாதீர்கள்.