ஒரே சொல் வேறு வேறு மொழிகளில் வேறு வேறு பொருள் தருவதற்கு வேடிக்கையான உதாரணம் இருக்கிறதா?

இருக்கிறது. சம்சாரம்.

வேளாங்கண்ணியில் ஒரு லாட்ஜில் கொஞ்ச நாள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடிகாலை, கேரளாவிலிருந்து மாதா கோயிலுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் துண்டும் வாளியுமாக வந்து நின்று, "மானேஜரோடு ஒந்நு சம்சாரிக்கணம்" என்றார். ரூம் பையன் ரொம்பப் பணிவாக, "அவர் சம்சாரம் இங்க இல்ல சார், திருவாரூர்ல இருக்கு" என்றான். பெரியவர் விழித்தார். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு. குழாயில் வெந்நீர் வரவில்லை, அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறார்.

மூலம் சமஸ்கிருதம். 'ஸ்ரு' என்றால் ஓடுதல், நகர்தல். ஆற்றைக் குறிக்கும் 'சரித்' என்ற சொல்லுக்கும் அதுதான் வேர். பிறந்து, செத்து, மறுபடி பிறந்து என்று நிற்காமல் ஓடுகிற சுழற்சிதான் சம்சாரம். இந்தியில் அது உலகம் ஆனது, கன்னடத்திலும் தெலுங்கிலும் குடும்பம். நாம் ஒருபடி மேலே போய், மொத்தக் குடும்பத்தையும் மனைவி தலையில் கட்டிவிட்டோம். அதிலும் "சம்சாரம் வந்திருக்கு" என்று அஃறிணையில் சொல்வோம். இது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். கோவில்பட்டிப் பக்கம் சம்சாரி என்றால் விவசாயி. எங்கள் டெல்டாவில் அவரைக் குடியானவர் என்போம், சம்சாரி என்றால் பிள்ளைகுட்டிக்காரர்.

கடல் தாண்டியும் போயிருக்கிறது இந்தச் சொல். மலாயில் 'செங்சாரா' என்றால் துன்பம். ராஜராஜன் காலத்திலேயே, மலாய் வழங்கிய சுமத்ரா பக்கத்து ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்த மடத்தைக் கட்டினார், சோழர் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தார் என்பதெல்லாம் உண்மைதான். அதற்காக இந்தச் சொல் நாகையில்தான் கப்பலேறியது என்று ஊர்ப்பெருமை பேச மாட்டேன்.

தாய்லாந்தில் 'சொங்சான்' என்றால் இரக்கப்படுவது. சுழற்சி எப்படி இரக்கம் ஆனது என்று முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது: நாமும் அடிபட்ட நாய்க்குட்டியைப் பார்த்து "ஐயோ பாவம்" என்கிறோம், அது என்ன பாவம் செய்தது?

அன்று விஷயம் புரிந்ததும் பெரியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அசடு வழிய நின்ற ரூம் பையனைத் தட்டிக்கொடுத்து, "பாவம்" என்றார். அது அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. வெந்நீர் மட்டும் எட்டு மணிக்குத்தான் வந்தது.