வம்பப் பனி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நலம்தானே? நான் இந்தச் சிறு ஊருக்கு வேலை நிமித்தம் வந்து மூன்று வருடம் ஆகிறது. எழுத வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக உண்டு. ஆனால் இங்கே ஒன்றுமே நடப்பதில்லை. ஒரு மெயின் ரோடு, இரண்டு சிக்னல், எட்டு மணிக்கெல்லாம் அடங்கிவிடும் ஊர். எதை எழுதுவது என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

போன வாரம் பனி பெய்தது. இலையுதிர் காலம் பாதிகூட முடியவில்லை. பல மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிற்கின்றன, சில இன்னும் பச்சையாகவே இருக்கின்றன. முதல் நாள் மழை என்றுதான் சொன்னார்கள். காலையில் பார்த்தால் ஆறு அங்குலம். ஜனவரியில் ஒன்றரை அடி பெய்தாலும் ஒன்பது மணிக்கு எல்லாம் ஓடத் தொடங்கிவிடும். இந்த ஆறு அங்குலத்துக்கு ஊரே நின்றுபோனது. இரவு முழுக்கக் கிளைகள் முறிந்தன. ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. பள்ளிக்கூடம் லீவு. பனி அள்ளும் என் ஷவலை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய் வாங்கிவந்தேன். மூன்று வருடத்தில் அவரோடு பேசியது அன்றுதான். விடிகாலையிலேயே அவர் துடைப்பத்தால் ஒரு சின்ன மரத்தின் கிளையைத் தாங்கிக்கொண்டு நின்றிருந்தார்.

இரண்டு கேள்விகள். ஆறே அங்குலத்துக்கு ஏன் இந்தப் பாடு? இன்னொன்று, இயற்கைச் சீற்றம் வந்தால்தான் மனிதர்களுக்குள் இருக்கும் நல்லது வெளியே வருமா? அன்று ஊரே ஒரு குடும்பம்போல இருந்தது. இதை ஒரு கதையாக எழுதலாம் என்று நினைத்தேன். பனி உருகியதும் கதையும் உருகிவிட்டது.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கதை உருகவில்லை. உங்கள் கடிதத்திலேயே கிடக்கிறது. நீங்கள்தான் அதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த ஆறு அங்குலம்.

பனியை உயரத்தால் அளந்து பழகிவிட்டோம். மரத்துக்கு உயரம் பொருட்டில்லை, எடைதான். ஜனவரிப் பனி உலர்ந்தது, மாவு மாதிரி. பத்து அங்குலத்தை உருக்கினால் ஓர் அங்குலத் தண்ணீர் தேறும். கடுங்குளிரில் அதுவும் தேறாது. சுழியம் டிகிரியை ஒட்டி விழும் முதற்பனியோ பிழிந்தால் சொட்டும். ஐந்தாறு அங்குலத்திலேயே ஓர் அங்குலத் தண்ணீர் இருக்கும். ஓர் அங்குலத் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 25 கிலோ. ஜனவரியில் மரம் வெறும் குச்சி, பனி இடுக்குகளில் புகுந்து தரைக்கு வந்துவிடும். இலையோடு நிற்கும் மரத்தில் ஒவ்வோர் இலையும் ஏந்திய கை. அந்த 25 கிலோவை அது விடாமல் வாங்கிக்கொள்கிறது.

இலையை முன்பே உதிர்த்திருக்கலாமே என்றால், அது மரம் ஒரே நாளில் செய்யும் காரியம் இல்லை. பகல் சுருங்கச் சுருங்க, குளிர் ஏற ஏற, இலைக்காம்பின் அடியில் ஓர் அடுக்கு மெல்ல உருவாகி, இலையையும் கிளையையும் பிரிக்கிறது. அது முடிய வாரக்கணக்கில் ஆகும். நடுவில் கடும் உறைபனி வந்து இலையைக் கொன்றுவிட்டால் வேலை அரைகுறையாக நின்றுவிடும். அந்த மரங்களில் காய்ந்த இலைகள் குளிர்காலம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பருவம் தப்பிப் பெய்யும் மழைக்குச் சங்கப் பாட்டில் ‘வம்ப மாரி’ என்று பேர். அதைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையைப் பேதை என்று சொல்லித் தலைவியைத் தேற்றும் பாட்டு அது. எனக்கு அந்தச் சொல்லை விட மனசில்லை, உங்களூரில் பெய்ததை வம்பப் பனி என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களூர் மரங்கள் பேதைகள் இல்லை. அவை கணக்கைச் சரியாகத்தான் போட்டுக்கொண்டிருந்தன.

இது உங்களூருக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2006 அக்டோபர் 12, 13 தேதிகளில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பெய்தது. ஊரை ஒட்டிய ஈரி ஏரித் தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, அதன்மேல் குளிர்காற்று வந்தது, இடி மின்னலோடு பனி. பஃபலோ பனிக்குப் பேர்போன ஊர், இரண்டடிக்கெல்லாம் அசராது. அன்று அசந்தது பச்சை மரங்களால்தான். முறிந்ததற்கு ஈடாக மரம் நடவென்றே பிறகு அங்கே ஒரு தன்னார்வ அமைப்பு உருவானது. 2011 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் வடகிழக்கிலும் இதே கதை. மாசசூசெட்ஸில் பெரு என்ற சிற்றூரில் 32 அங்குலம். பக்கத்து கனெக்டிகட்டில் சில வீடுகளுக்குக் கரண்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கம்பிகளை அறுத்தவை பெரும்பாலும் கிளைகள்தான்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அவர் கிளையைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். துடைப்பத்தைக் கிளைக்கு அடியில் கொடுத்து மெல்ல மேலே தூக்கியிருப்பார், பனி தானாகச் சரியட்டும் என்று. மேலிருந்து அடிக்கக் கூடாது. பனி உறைந்து ஐஸாகிவிட்டால் தொடவே கூடாது. வளைந்த சின்னக் கிளை பெரும்பாலும் தானே நிமிர்ந்துகொள்ளும்.

எனக்கு இது தெரிந்த விதம் பெருமைப்படும்படி இல்லை. பனி விழும் ஊர் ஒன்றில் நான்கு குளிர்காலம் இருந்தேன். இரண்டாவது வருடம் இப்படித்தான் முந்திக்கொண்டு வந்தது. மரத்துக்கு உதவுகிறேன் பேர்வழி என்று நீளக் குச்சியால் கிளையை ஓங்கித் தட்டினேன். கிளை என் காலடியில் வந்து விழுந்தது. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, திரையை மட்டும் இழுத்துவிட்டார்.

அந்த இரவின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. புதுப்பனி மற்ற ஓசைகளை எல்லாம் உறிஞ்சிவிடும் இல்லையா, அந்த அமைதிக்குள் திடீரென்று ஒரு முறிவு. ஈர மரம் நார்நாராகக் கிழியும் சத்தம். அடுத்து இலைகள் மொத்தமாக ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இறங்கும் நீண்ட சரசரப்பு. கடைசியில் ‘பொத்’தென்று ஒன்று. ஜனவரியில் முறியும் கிளைக்கு அந்த நடுச் சத்தம் கிடையாது.

இனி இரண்டாவது கேள்வி. இயற்கைச் சீற்றம், மனிதர்களுக்குள் இருக்கும் நல்லது, ஒரே குடும்பம் என்ற மூன்றையும் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். சீற்றம் என்றால் என்ன என்று 2013 அக்டோபரில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில் மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். முதலில் மழை, மேலே பனி, கூடவே சூறைக்காற்று. குளிர்கால ரோமம் வளராத மாடுகள், பல இன்னும் கோடை மேய்ச்சல் நிலத்திலேயே நின்றன. பல்லாயிரம் மாடுகள் செத்தன. அவர்களிடம் போய் அழகான முதற்பனி என்று சொல்ல முடியாது. உங்களுக்கு வந்தது ஒன்றரை நாள் இடைஞ்சல். அதை இடைஞ்சலாகவே எழுதுங்கள்.

உங்கள் ஊர் அன்று நல்லதாகிவிடவும் இல்லை. ஆயத்தம் இல்லாமல் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஜனவரியில் ஒவ்வொரு வாசலிலும் ஷவல் சாத்தியிருக்கும், வாசல் பனியை உருக்க உப்பு மூட்டை வந்திருக்கும், டயர் மாற்றியிருப்பார்கள். யாருக்கும் யாரும் தேவையில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போகலாம். அக்டோபரில் ஷவல் கராஜின் உள்மூலையில், புல் வெட்டும் மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது. தோட்டத்துக் குழாயை இன்னும் சுருட்டவில்லை. வண்டியில் கோடை டயர், ஏழு டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுகிப் பிடிப்பை விட்டுவிடும். கனடாவின் கியூபெக்கில் விண்டர் டயரைச் சட்டமே டிசம்பர் 1 முதல்தான் கட்டாயமாக்குகிறது. சட்டம் போட்டவர்களுக்கும் அக்டோபர்ப் பனி கணக்கில் இல்லை. இப்படி எல்லாரும் ஒரே நேரத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும்போது, இருப்பவரிடம் கேட்டாக வேண்டும். கேட்க வேண்டுமென்றால் கதவைத் தட்ட வேண்டும். நீங்கள் அந்தக் கதவைத் தட்டியது உங்கள் ஷவல் கிடைக்காததால். அதை ஒத்துக்கொண்டு எழுதினால் கதை நிற்கும்.

ஒன்றுமே நடப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் இருந்தும் மூன்று வருடம் நீங்கள் பேசாமலிருந்தது நடந்திருக்கிறதே. அவருக்கு உங்கள் பெயர் தெரியுமா? அந்தச் சின்ன மரத்தை அவரே நட்டாரா, எப்போது? விடிகாலையில் மற்ற மரங்களை விட்டுவிட்டு அதனிடம் மட்டும் ஏன் போனார்? நானாக இருந்தால் பனியைப் பற்றி இரண்டு பத்திக்கு மேல் எழுத மாட்டேன்.

அந்த இரண்டு பத்திக்கு வேண்டுமானால் ஒன்று தருகிறேன். மறுநாள் வெயில் வந்ததும் இலைகள் பனியின்மேல் உதிரத் தொடங்கும். இலையின் நிறம் அடர்ந்தது, வெயிலை வாங்கிச் சூடாகும். தன் உருவத்துக்குப் பனியை உருக்கிக்கொண்டு உள்ளே இறங்கும். சாயங்காலம் குனிந்து பார்த்தால் வெள்ளையில் இலை இலையாகக் குழிகள், நரம்பு முனைவரை துல்லியமாக. ஒவ்வொரு குழியின் அடியிலும் அதைத் தோண்டிய இலை கிடக்கும். இரண்டாம் நாள் ஓரம் கரைந்து வெறும் குழியாகிவிடும், அதனால் முதல் நாளே பார்த்துவிட வேண்டும். நீங்கள் பார்த்தீர்களா தெரியவில்லை. பார்த்திருக்காவிட்டால் எழுத வேண்டாம், படித்ததை வைத்து எழுதினால் தெரிந்துவிடும்.

பெரியவரிடம் வாங்கிய ஷவலைத் திருப்பிக் கொடுத்தாயிற்றா? கடிதத்தில் அதைக் காணோம்.

அன்புடன்.